கூரைமேல் இருப்பவர்கள்

சமையலறைக் கூரையிலிருந்து சொட்டிய தண்ணீர் உப்புக் கரித்தது.

வீப்கே அதைச் சுவைத்துப் பார்க்க நினைக்கவில்லை. வியாழக்கிழமை காலை அப்பாவின் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது புறங்கையில் ஒரு துளி விழுந்தது. இரண்டு கையும் வேலையில் இருந்ததால் உதட்டாலேயே துடைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். நாக்கில் பட்டது மழைநீரின் சப்பென்ற ருசி இல்லை, குழாய்த் தண்ணீரின் துரு வாசமும் இல்லை. கடல். அதுவும் அவர்கள் வீட்டு முன்னால் கிடக்கும் கடல் இல்லை. பால்டிக்கில் இவ்வளவு உப்புக் கிடையாது என்பது சின்ன வயதிலிருந்து அதில் முழுகி எழுந்தவளுக்குத் தெரியும்.

அண்ணாந்து பார்த்தாள். வெள்ளையடித்த கூரையில் ஒரு தட்டு அளவுக்கு ஈரம் பூத்திருந்தது. அதற்கு மேலே பரணும் ஓடும்தான். ஒரு வாரமாக மழையே இல்லை.

"அப்பா, கூரை ஒழுகுது."

அப்பா சன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"துடைச்சு விடு. துடைச்சா போதும்." பிறகு, "மேல போய்ப் பாக்காதே."

ஹார்ம் லூர்சனுக்கு எண்பது வயது. போர் முடிந்து ஐம்பது வருடம் ஆகியும் ஹோக்வீக் கிராமத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரொட்டிக் கடைக்காரி முதல் பாதிரியார் வரை எல்லோருக்கும் அவர் கேப்டன்தான். கீல் வளைகுடாவின் அந்த ஓரத்தில் நீர்மூழ்கிக் கப்பலில் போய்த் திரும்பியவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள். ஆனால் அவர்களுடைய கதையைப் பள்ளிக்கூடத்தில் சொல்லச் சொல்லி யாரும் அழைத்ததில்லை. அப்பாவை அழைத்தார்கள்.

தென் அட்லாண்டிக்கில் ஒரு சரக்குக் கப்பலை மூழ்கடித்த பிறகு, தண்ணீரில் தத்தளித்த எதிரி ஆட்களைக் கேப்டன் லூர்சன் தன் நீர்மூழ்கியின் மேல்தளத்தில் ஏற்றிக்கொண்டார். போர்வை கொடுத்தார். காப்பி கொடுத்தார். கரைப்பக்கம் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று ஒரு பகலும் ஒரு இரவும் மெல்ல ஓட்டினார். மறுநாள் எதிரி விமானம் வந்தது. உள்ளே இருந்த நாற்பது உயிரைக் காப்பாற்ற நீர்மூழ்கி தண்ணீருக்குள் இறங்கவேண்டியதாயிற்று. இந்த இடத்துக்கு வந்ததும் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். மேலே இருந்தவர்களைப் பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். கேட்டவர்கள் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, போரில் இறந்தவர்களை நினைக்கும் நாளில், கிராமத்தின் புதிய படகுத்துறைக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். மகள் என்ற முறையில் வீப்கே நாலு வார்த்தை பேசவேண்டும். நாலு நாளாக அதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெருமையாகத்தான் இருந்தது.

அன்று மாலைக்குள் அந்த ஈரம் கூடத்துக் கூரைக்கும் பரவிவிட்டது. துடைத்த துணியைப் பிழிந்தபோது பாத்திரத்தின் அடியில் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம் மிதந்தது.

வெள்ளிக்கிழமை தட்டல் ஆரம்பித்தது.

அவள் கணவன் எக்கர்ட் படகுப் பட்டறையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்திருந்தான். பெரிய உருவம், எஞ்சின் மசகு போகாத விரல்கள். வழியில் கார் நின்றுபோன யாரையாவது பார்த்தால் கடந்துபோகத் தெரியாத மனிதன். அதனாலேயே பாதி நாள் சாப்பாடு ஆறிப்போகும். அன்று மீன் வறுவலும் உருளைக்கிழங்கும். முள்ளை ஒதுக்கிக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தி மேலே பார்த்தான்.

தட். தட். தட்.

ஓடு ஆடுகிற சத்தம் வீப்கேவுக்குத் தெரியும். காற்றில் அது பல் கிட்டுவதுபோல் கடகடக்கும். இது அப்படி இல்லை. காற்றும் இல்லை. வெறும் உள்ளங்கையால், அவசரப்படாமல், வீட்டில் ஆள் இருக்கிறார்கள் என்று தெரிந்து வந்தவர்கள் தட்டுவதுபோல் ஒரு தட்டல். அதில் ஒரு மரியாதை இருந்தது. அந்த மரியாதைதான் அவள் முதுகில் சில்லென்று இறங்கியது.

"மரநாய்," என்றான் எக்கர்ட். "குளிருக்குக் குடும்பத்தோட வந்து இறங்கியிருக்கு. கேப்டன், உங்க வீட்டுல குடியேறணும்னா உங்களைக் கேட்கவேண்டாமா?"

எப்போதும் மருமகனின் கேலிக்கு ஒரு பதில் வைத்திருக்கிற அப்பா சிரிக்கவில்லை. முட்கரண்டி அவர் கையில் பாதி தூரத்தில் நின்றிருந்தது. தட்டல் நின்ற பிறகுதான் அது வாய்க்குப் போனது. மென்று விழுங்கிவிட்டு, உப்பு இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம் என்று சொல்வதுபோல், சாதாரணமாகச் சொன்னார்:

"யாரும் பதிலுக்குத் தட்டாதீங்க."

பிற்பகல் ஓன்னோ ஹார்ட்விக் வந்தார். அப்பாவின் கப்பலில் இருந்தவர்களில் உயிரோடு மிஞ்சிய ஒரே ஆள். ஞாயிற்றுக்கிழமை விழாவுக்காக எம்டனிலிருந்து ரயிலேறி, பேருந்து மாறி, ஒரு சின்னத் தோல்பையோடு வந்து நின்றார். உலர்ந்த மனிதர். காதில் மிஷின். வீப்கே அவருக்காக வெண்ணெய் கேக் சுட்டிருந்தாள். காப்பி வேண்டாம் என்றார், தேநீர் கேட்டார். கோப்பையில் கற்கண்டு விண்டு வெடிக்கும் சத்தத்தைத் தலைசாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா அவரோடு கைகுலுக்கியதோடு சரி. இரண்டு கிழவர்களும் எதிரெதிரே உட்கார்ந்து சன்னலைப் பார்த்தார்கள்.

தட். தட்.

ஓன்னோ கோப்பையைத் தட்டில் வைத்தார். அவர் காதிலிருந்த மிஷினைக் கழற்றி மடியில் வைத்தார். கூரையைப் பார்த்தார். மிஷின் இல்லாமலும் அவருக்கு அது கேட்டது என்பதை அவர் முகம் சொன்னது.

"நான் விடுதிக்குப் போறேம்மா," என்று எழுந்தார். கேக் அப்படியே இருந்தது.

வீப்கே மேலங்கியை எடுத்துக்கொண்டு கூடவே போனாள். கடலோரச் சாலையில் காற்று அழுகிய கடற்பாசி வாடையோடு வீசியது. பேருந்து நிழற்குடையில் உட்கார்ந்ததும், அவள் கேட்காமலேயே கிழவர் பேச ஆரம்பித்தார்.

"விமானம் எதுவும் வரலம்மா."

"எந்த விமானம்?"

"அன்னிக்கு நீர்மூழ்கியோட கண்காணிப்புக் கோபுரத்துல காவல் பாத்தது நான். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் உங்கப்பா. வானம் கழுவின தட்டு மாதிரி இருந்துச்சு. ஒரு பறவைகூட இல்ல." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "மேல உக்காந்திருந்தாங்க எல்லாரும். பாதிப் பேரு எங்கேயோ வெயில் நாட்டுக்காரங்க, கப்பல்ல கரி தள்ளறவங்க. அவங்க பேசினது என்ன மொழின்னே எனக்குத் தெரியாது. ஒருத்தன், சின்ன வயசு, காப்பிக் கோப்பையைத் திருப்பிக் கொண்டுவந்து உங்கப்பா கையில குடுத்தான். நன்றி சொன்னான். இவரும் தலையாட்டி வாங்கிக்கிட்டாரு. கோப்பையோடவே உள்ள இறங்கினாரு. என்னையும் இறங்கச் சொன்னாரு. 'விமானம்'னு கத்தினாரு. தன் கையாலேயே மூடியை இழுத்துப் பூட்டினாரு."

வீப்கே அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லலையா? விமானம் இல்லைன்னு?"

"நாப்பது பேரு உள்ள இருந்தோம். மேல ஆளு இருக்குன்னு நாப்பது பேருக்கும் தெரியும். ஒருத்தன் வாயைத் திறக்கல. நானும்தான்." அவர் குரல் இறங்கியது. "தட்டினாங்கம்மா. கப்பல் முழுகும்போது. வெறுங்கையால. அது ஒரு ஆழத்துக்குக் கீழ நின்னுடணும் இல்லையா? மனுசன் மூச்சு எவ்வளவு நேரம்? நாங்க இறங்கிக்கிட்டே இருந்தோம். இரும்பு முனகற ஆழம் வரைக்கும் இறங்கினோம்."

"நின்னுடுச்சா?"

பேருந்து வந்தது. ஓன்னோ பையை எடுத்துக்கொண்டு படியில் கால் வைத்தார்.

"நான் எம்டன்ல ஏழாவது மாடியில, நடு மாடியில இருக்கேம்மா. மேல ஆளு, கீழ ஆளு. தலைக்கு நேர் மேல கூரை இருக்கிற வீட்டுல நான் தூங்கறதில்ல."

அவர் விடுதியில் தங்கவில்லை என்பதை மறுநாள் ரொட்டிக் கடையில்தான் கேள்விப்பட்டாள். அந்தப் பேருந்திலேயே ரயிலடிக்குப் போய் ஊருக்குத் திரும்பிவிட்டாராம்.

சனிக்கிழமை மாலைக் காப்பி வேளைக்கே இருட்டிக்கொண்டு வந்தது. வானொலியில் புயல் எச்சரிக்கை சொன்னார்கள். அப்பாவை மறுநாள் விழாவுக்குத் தயார் செய்யவேண்டும். வீப்கே வெந்நீரும் சோப்பு நுரையும் கொண்டுவந்து அவர் கழுத்தில் துண்டைச் சுற்றிச் சவரம் செய்ய உட்கார்ந்தாள். இரண்டு வருடமாக அவள்தான் செய்கிறாள். அந்த முகத்தின் ஒவ்வொரு மடிப்பும் அவள் விரலுக்குத் தெரியும். இந்த முகத்தை அவள் விரும்பியிருக்கிறாள். இந்தக் கைகள்தான் அவளுக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தன. தண்ணீருக்கு அடியில் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்லி, முழுகியவளின் வயிற்றைத் தாங்கிப் பிடித்திருந்தன.

ஒரு கன்னம் முடிந்ததும் கேட்டாள்.

"அப்பா, அன்னிக்கு விமானம் வந்துச்சா?"

"ஓன்னோ சொன்னானா? அப்பவே அவன் பயந்தாங்கொள்ளி."

"வந்துச்சா?"

"கத்தி நடுங்குது பார். கையை ஊனிக்கோ."

"அப்பா."

கூரையிலிருந்து ஒரு சொட்டு நுரைக் கிண்ணத்தில் விழுந்தது. இன்னொன்று. அப்பா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நாள்ல மூணு பேரோட பேரு எனக்குத் தெரிஞ்சுபோச்சு," என்றார். "யாருக்குக் கல்யாணம் ஆகியிருக்கு, யாருக்குப் பல்வலி, எல்லாம். இன்னும் ஒரு நாள் போயிருந்தா எல்லாருடைய பேரும் தெரிஞ்சிருக்கும். அதுக்கப்புறம் என்னால மூட முடியாது. அதனால முன்னாடியே மூடினேன்."

"ஏன் மூடணும்? யாரு மூடச் சொன்னது?"

"ஒருத்தனுக்குத் திறந்தா ஒருத்தன் வருவான்னு நினைக்கிறே. எல்லாரும் வருவாங்க. உள்ள இடம் இல்லை." அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி இறுகியிருந்தது. "நீயும் உள்ள இருந்தவதான், வீப்கே. நான் மூடினதாலதான் நீ பொறந்தே. அதை ஞாபகம் வெச்சுக்கிட்டு நாளைக்குப் பேசு."

அவள் கத்தியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு எழுந்தாள். பாதி முகத்தில் நுரையோடு அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

நடையில் எக்கர்ட் பட்டறைப் பூட்ஸோடு நின்றிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான். அவள் அவன் சட்டையில் நெற்றியை முட்டிக்கொண்டாள்.

"நாளைக்கு நான் அதைச் சொல்லிடுவேன், எக்கர்ட். எல்லார் முன்னாடியும். விமானம் வரலைன்னு."

"சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

"கல்லெறிவாங்க."

"எறியட்டும். நான் பெரிய உருவம்தானே, என் மேலதான் படும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்தது. அப்போது தலைக்கு மேலே மறுபடியும் ஆரம்பித்தது. முன்பு ஒரே இடத்திலிருந்து வந்த தட்டல், இப்போது கூடத்துக்கு மேலிருந்து, சமையலறைக்கு மேலிருந்து, அப்பாவின் படுக்கைக்கு மேலிருந்து, கூரையின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது.

"போதும்டா சாமி," என்றான் எக்கர்ட். "புயல் வர்றதுக்குள்ள அந்த ஓட்டைப் பாத்துடறேன். நீ டார்ச் பிடி."

"வேண்டாம். போகாதே."

"வெறும் ஓடுதான், வீப்கே. ஓடும் மரநாயும். உங்கப்பா செஞ்சதுக்கு ஓடு என்ன பண்ணும்?"

அவன் மடக்கு ஏணியை இழுத்து இறக்கினான். அவளும் பின்னாலேயே ஏறினாள்.

பரண் எப்போதும் தூசியும் செய்தித்தாளில் பரப்பிவைத்த ஆப்பிளும் மணக்கும் இடம். இப்போது அங்கே டீசல் வாடை அடித்தது; ஈரக் கம்பளியும், பூஞ்சை பிடித்த ரொட்டியும், நிறையப் பேர் நெடுநாள் குளிக்காமல் ஒரே இடத்தில் அடைந்துகிடந்த மூச்சும் அதற்குள் கலந்திருந்தன. உத்தரக் கட்டைகளில் தண்ணீர் வியர்வைபோல் பொடித்திருந்தது. டார்ச் வெளிச்சம் பட்ட இடமெல்லாம் மினுங்கியது. புகைபோக்கி துடைப்பவன் ஏறி இறங்குவதற்காகக் கூரைச் சரிவில் ஒரு கண்ணாடிக் கதவு இருந்தது, ஒரு ஆள் நுழையும் அளவுக்கு. எக்கர்ட் அதன் கொண்டியை நீக்கி மேலே தள்ளினான். புயலின் முதல் காற்று ஊளையிட்டு உள்ளே பாய்ந்தது. அவன் வெளியே ஓட்டின்மேல் பதித்திருந்த இரும்புப் படியில் கால் வைத்து, உடம்பை வெளியே இழுத்துக்கொண்டான். பூட்ஸ் மறைந்தது.

ஓட்டின்மேல் அவன் நடக்கும் சத்தம் கேட்டது. ஒரு அடி. இன்னொரு அடி.

பிறகு காற்று நின்றது.

குறையவில்லை, நின்றது, ரேடியோவை அணைத்ததுபோல. திறந்த கதவு வழியே வெதுவெதுப்பான காற்று ஒன்று உள்ளே வந்து அவள் முகத்தைத் தொட்டது. நவம்பர் மாதத்தில். அதில் வெயிலில் காய்ந்த உப்பின் மணம் இருந்தது.

"எக்கர்ட்?"

"ஒரு நிமிஷம்." அவன் குரல் பக்கத்திலிருந்துதான் வந்தது. ஆச்சரியத்தில் லேசாகச் சிரித்தான். "வீப்கே, இங்க ஆளுங்க இருக்காங்க."

அவள் கதவை நோக்கி ஓரடி வைத்தாள்.

"பாவம், தொப்பலா நனைஞ்சு கிடக்கிறாங்க. நடுங்கறாங்க. கம்பளி இருந்தா குடு."

அந்தக் குரலில் பயமே இல்லை. சாலையோரத்தில் யாருக்கோ காரைத் தள்ளிவிடும்போது அவன் பேசும் அதே குரல். அதனால்தானோ என்னவோ அவள் கை தானாகவே பரணில் கிடந்த பழைய பெட்டியைத் திறந்து, அதிலிருந்த சாம்பல் நிறக் கம்பளியை எடுத்துக் கதவு வழியே நீட்டியது. வெளியிலிருந்து ஒரு கை அதை வாங்கிக்கொண்டது.

அது எக்கர்ட்டின் கை இல்லை. மெலிந்த கை. நகக்கண்ணில் கரி. விரல் நுனிகள் வெளுத்து, நெடுநேரம் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன. கம்பளியை வாங்கியபோது அது அவள் விரல்களை லேசாக அழுத்தியது. நன்றி சொல்வதுபோல.

"எத்தனை பேர்?" என்று கேட்டாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"தெரியல. கூரை பூரா இருக்காங்க." முதல் முறையாக அவன் குரல் மெலிந்தது. "தோட்டத்துலயும் நிக்கிறாங்க. ரோட்டுலயும். தண்ணி வரைக்கும் நிக்கிறாங்க, வீப்கே. எல்லாரும் என்னையே பாக்கிறாங்க." பிறகு, "நகரு. உள்ள இறக்கி விடறேன் ஒவ்வொருத்தரா. நகந்துக்கோ."

எக்கர்ட்டின் பூட்ஸ் கால் ஒன்று கதவு விளிம்பைத் தாண்டி உள்ளே வந்து தொங்கியது. அதன் இரு பக்கமும் வேறு கால்கள். வெறுங்கால்கள். விளிம்பைச் சுற்றிலும் விரல்கள் வந்து பதிந்தன, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, இடம் விட்டு, இடித்துத் தள்ளாமல்.

கீழேயிருந்து குரல் வந்தது.

"விமானம்!"

கிழவரின் குரல் இல்லை அது. அவள் பிறப்பதற்கு முந்தைய குரல். ஏணியின் அடியில் அப்பா நின்றிருந்தார், கைத்தடி இல்லாமல், நிமிர்ந்து. ஒரு கன்னத்தில் நுரை காய்ந்திருந்தது.

"மூடு, வீப்கே."

அவள் கதவின் இடைவெளி வழியே மேலே பார்த்தாள். கால்களுக்கும் விரல்களுக்கும் நடுவில் ஒரு துண்டு வானம் தெரிந்தது. நீலம். வெயில். ஒரு மேகம் இல்லை. ஒரு புள்ளி இல்லை. அவள் தன் கண்ணால் பார்த்தாள்.

எதுவும் வரவில்லை.

விரல்கள் அசைந்தன. ஒரு தலை குனிந்து உள்ளே எட்டிப் பார்க்க வந்தது. ஈர முடி. பேச வாய் திறந்தது. தன் பெயரைத்தான் சொல்லப்போகிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதை மட்டும் கேட்கக்கூடாது. அதை மட்டும்.

எக்கர்ட்டின் பூட்ஸை இரண்டு கையாலும் பிடித்தாள்.

வெளியே தள்ளினாள்.

"வீப்கே? ஏய், என்ன பண்றே?"

கதவை இழுத்தாள். விரல்கள் தாமாகவே விலகிக்கொண்டன. எல்லா விரல்களும். பழகிப்போனதுபோல. கொண்டியைப் போட்டாள். அழுத்தினாள். இரும்பு இரும்பில் உட்கார்ந்தது.

வீடு முன்பக்கமாகச் சாய்ந்தது.

முதலில் மெதுவாக. ஆப்பிள்கள் உருண்டன. ஒன்று, பிறகு எல்லாம், கடல் பக்கத்துச் சுவரை நோக்கி. உத்தரம் முனகியது. அவள் ஒரு கட்டையைக் கட்டிக்கொண்டாள். கீழே அப்பா ஏதோ சொன்னார். அமைதியாக. ஒரு எண், ஆழத்தின் அளவு. பிறகு அதைவிடப் பெரிய எண்.

கண்ணாடியின் கீழ் விளிம்பில் தண்ணீர் தெரிந்தது. பச்சை. அது ஏறியது. பாதிக் கண்ணாடி. முக்கால். வானம் ஒரு கோடாகி, இல்லாமல் போனது.

தட். தட்.

டார்ச்சை உயர்த்தினாள். உயர்த்தாமல் இருக்க முடியவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எக்கர்ட் இருந்தான். அவன் தலைமுடி மேல்நோக்கி மெல்ல அலைந்தது. அவனைச் சுற்றி நிறைய முகங்கள், பொறுமையான முகங்கள். அவர்கள் சாம்பல் நிறக் கம்பளியை அவன் தோளைச் சுற்றிப் போர்த்தி, கழுத்தடியில் இழுத்துச் சொருகிவிட்டிருந்தார்கள். புதிதாக வந்தவனுக்குச் செய்வதுபோல. ஒருவன் அவன் தலையை வருடிக்கொண்டிருந்தான். எக்கர்ட்டின் கண்கள் திறந்திருந்தன. வாயிலிருந்து காற்றுக் குமிழ்கள் போயின. பிறகு குமிழ்கள் வருவது நின்றது. கை நிற்கவில்லை. உள்ளங்கையால், அவசரமில்லாமல், தட்டிக்கொண்டேயிருந்தான்.

பச்சை கறுத்தது. முகங்கள் ஒவ்வொன்றாக இருட்டில் கரைந்தன. டார்ச் ஒருமுறை கண்சிமிட்டி அணைந்தது. எல்லாம் போன பிறகும் அந்த உள்ளங்கை மட்டும் கண்ணாடியில் வெளுப்பாகத் தெரிந்தது. அது தட்டுவதை நிறுத்தியது. அவள் முகம் எங்கே இருக்கிறது என்று தேடி, கண்ணாடியின்மேல் மெல்ல, மிக மெல்ல, தடவத் தொடங்கியது.